ஒரே பாசிட்டிவ்ல ஒரு பையன வெளிய தள்ளாதீங்க: கிளப் நிர்வாகங்களுக்கும் லீக் ஒழுங்கு கமிட்டிக்கும் ஒரு திறந்த மடல்

ஃபுட்பால் கிளப் நிர்வாகிகளுக்கும் லீக் ஒழுங்கு கமிட்டில இருக்கிறவங்களுக்கும்,

அடுத்த சீசன் ஒப்பந்தத்துல நீங்க சேர்க்கப்போற அந்த ஒரு வரிய பத்திதான் எழுதுறேன். போதைப்பொருள் டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா முன்னறிவிப்பு இல்லாம ஒப்பந்தம் ரத்து, அவ்வளவுதான். முதல் தடவையா ரெண்டாவது தடவையா, கஞ்சாவா கொகெய்னா, மேட்சுக்கு முன்னாடி எடுத்தானா லீவு நாள்ல எடுத்தானா, சிகிச்சைக்கு வர்றேன்னு சொன்னானா இல்லையா, எதையும் கேட்க மாட்டீங்களாம். சீரோ டாலரன்ஸ்னு பேர் வேற. இத முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு டாக்டர கூப்பிடல, ஒரு ஃபிசியோவ கூப்பிடல, பிளேயர்ஸ் சைடுல ஒருத்தரையும் கேட்கல. அதான் நீங்க கேட்காமலே நான் சொல்றேன்.

நான் ஒரு ஃபிசியோ, பிளேயர்ஸோட காயத்தையும் தசையையும் பார்த்துக்கிற ஆளு. டிவில வர்ற பெரிய கிளப் இல்ல, ஆனா சம்பளத்துக்கு ஆடுற பசங்க, ஃபுட்பால்தான் அவங்களுக்கு தொழில், வேற எதுவும் தெரியாது. டிரஸ்ஸிங் ரூம்ல கோச் நிக்கிற வரைக்கும் ஒருத்தனும் வாய திறக்க மாட்டான். என் மசாஜ் டேபிள்ல குப்புற படுத்து, முகம் அந்த ஓட்டைக்குள்ள தரைய பார்த்துட்டு இருக்கும்போது, யார் கண்ணையும் பார்க்க வேண்டாத அந்த நேரத்துலதான் பேசுவானுங்க. கடன், காதல், அப்பாவோட சண்டை, ஏஜென்ட் ஏமாத்துனது, அப்படியே பேச்சுவாக்குல போன வாரம் பார்ட்டில என்ன எடுத்தோம்ங்கிறது வரைக்கும். மேட்ச் முடிஞ்சு டெஸ்டுக்கு பேர் வந்தா கூட போய் உக்கார்றதும் பாதி நேரம் நான்தான். 90 மில்லி சிறுநீர் சேரணும், தொண்ணூறு நிமிஷம் ஓடுன உடம்புல தண்ணி ஏது, சீல் பிரிக்காத பாட்டில எடுத்து குடிச்சிக்கிட்டே உக்காந்திருப்பான், அப்புறம் ஏ பாட்டில் பி பாட்டில்னு அவன் கையாலயே ஊத்தி மூடணும். அந்த ரூம்ல ஒரு பையன் கை நடுங்குறத பார்த்தா அது களைப்பா பயமான்னு எனக்கு தெரியும். நீங்க பார்க்கிறது அதுக்கு அப்புறம் வர்ற பேப்பர மட்டும்தான்.

நான் வேலை பார்த்த ஒரு கிளப்ல ஒரு விங்கர், அதாவது மைதானத்தோட ஓரத்துல ஓடி ஆடுறவன், இருந்தான், இருவது வயசு. ஹாம்ஸ்ட்ரிங்னு சொல்ற பின்தொடை தசை கிழிஞ்சு மாசக்கணக்குல வெளிய உக்காந்திருந்தவன். காயம்பட்ட பிளேயர் எப்படி இருப்பான்னு உங்கள்ல எத்தன பேருக்கு தெரியும்னு எனக்கு தெரியல, டீம் பஸ்ல இடம் இல்ல, வாட்ஸப் குரூப்ல ஜோக் புரியாது, கோச் குட் மார்னிங் சொல்லிட்டு அடுத்தவன பார்ப்பாரு, ஒப்பந்தம் வேற முடியப்போகுது. அப்படி இருந்தவன் திரும்பி வந்து ஆட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே டெஸ்ட்ல மாட்டினான். கொகெய்ன். அந்த வாரம் நடுவுல யாரோ ஒருத்தன் பிறந்தநாள் பார்ட்டில எடுத்தது. ரிசல்ட் வந்ததும் முதல் வேலையா கேட் பாஸ பிளாக் பண்ணாங்க. அப்புறம் பேரோட போட்டோவோட ஒரு அறிக்கை. ஒப்பந்தம் போச்சு, கிளப் கொடுத்திருந்த வீடு போச்சு, அந்த காலுக்கு நான் கொடுத்துட்டு இருந்த ரீஹேப் பாதில நின்னு போச்சு. சிகிச்சைக்கு போனா தடை குறையும்னு ஒரு விதி இருக்குங்கிறதையே அவன்கிட்ட கிளப்ல யாரும் சொல்லல. நான் போன் பண்ணி சொன்னேன். அதுக்கு யாரு பணம் கட்டுவாங்கன்னு கேட்டான். என்கிட்ட பதில் இல்ல.

இப்ப அவன் ஆடுறதில்ல. என் போனையும் எடுக்கிறதில்ல.

இதுல நீங்க கவனிக்க வேண்டியது இன்னொண்ணு. அந்த அறிக்கை வந்ததுக்கு அப்புறம் என் டேபிள்ல பேச்சே நின்னு போச்சு. பழக்கம் நின்னுச்சுன்னு அர்த்தம் இல்ல, பேச்சுதான் நின்னுச்சு. அதுக்கு முன்னாடி ஒருத்தன் தானா வந்து "அண்ணே, வாரக்கடைசியானா கை தானா போகுது, யார்கிட்ட சொல்லலாம்"னு கேட்டிருந்தான், டாக்டர்கிட்ட கூட்டிட்டு போறேன்னு பேசி வச்சிருந்தோம். அறிக்கை வந்த மறுநாள் "அது சும்மா விளையாட்டுக்கு சொன்னேண்ணே"ன்னு சிரிச்சிட்டு போயிட்டான். உங்க சீரோ டாலரன்ஸ் சாதிச்சது இதுதான், உதவி கேட்டு வந்தவன திருப்பி அனுப்பிடுச்சு.

சரி, விதி என்ன சொல்லுது? உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு, வாடா, விளையாட்டுலயே இதுதான் ரொம்ப கறாரான ஆளுங்கன்னு பேர் எடுத்தது. அவங்களே 2021 ஜனவரி 1ல இருந்து நடைமுறைக்கு வந்த விதித்தொகுப்புல கொகெய்ன், ஹெராயின், எம்டிஎம்ஏங்கிற பார்ட்டி மாத்திரை, கஞ்சால போதை ஏத்துற டிஎச்சி, இந்த நாலையும் தனியா பிரிச்சு வச்சாங்க. சமூகத்துல துஷ்பிரயோகம் ஆகுற பொருள், ஆட்டத்துல ஜெயிக்கறதுக்காக எடுக்கிறது இல்லன்னு. போட்டிக்கு வெளிய எடுத்தேன், ஆட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு பிளேயர் நிரூபிச்சா தடை 3 மாசம். அங்கீகரிச்ச சிகிச்சைத் திட்டத்த முடிச்சா 1 மாசமா குறைக்கலாம். வருஷக்கணக்குல தடை பேசிட்டிருந்த இடம் அது, அங்கயே இறங்கி வந்திருக்காங்க. ஏன்? கள்ளத்தனமா ஜெயிக்கப் பார்த்தவனும் சனிக்கிழமை ராத்திரி புத்தி கெட்டுப்போனவனும் ஒண்ணு இல்லன்னு அவங்களுக்கே புரிஞ்சதாலதான். வாடா 1 மாசம்னு சொல்ற இடத்துல நீங்க வேலையே போச்சுன்னு சொல்றீங்க. வாடாவ விட உங்களுக்கு ஃபுட்பால் மேல அக்கறை அதிகமா?

அந்த விதிலயும் எனக்கு ஒரு பெரிய குறை இருக்கு, அதையும் சொல்லிடுறேன், ஏன்னா லீக் கமிட்டி இத மேல கொண்டு போக முடியும். தடை காலத்துல பிளேயர் டீமோட பயிற்சி எடுக்கக் கூடாது, கிளப் வசதிய தொடக்கூடாது. கடைசி ரெண்டு மாசம் இல்லன்னா தடையோட கடைசி கால்வாசி, இதுல எது சின்னதோ அப்பதான் திரும்பி பயிற்சிக்கு வரலாம். அப்போ 3 மாச தடைல கடைசி மூணு வாரம் போலதான் கிளப்புக்குள்ள வர முடியும். ஸ்டீராய்டு போட்டவனுக்கு இது சரி, அவன் தசைய அவன் எப்படி வளர்த்தான்ங்கிறதுதானே பிரச்சனை. ஆனா பழக்கத்துல இருந்து வெளிய வர போராடுற பையன்கிட்ட இருந்து காலைல எழுந்திருக்க இருக்கிற ஒரே காரணத்த பிடுங்கிட்டா? காலைல பயிற்சி இல்ல, சாப்பாட்டு நேரம் இல்ல, கூட யாரும் இல்ல, கைல நாள் முழுக்க நேரம். என்னத்த பண்ணுவான்னு நினைக்கிறீங்க?

அடுத்தது டைமிங். இந்த பொருள்கள வாடா போட்டி சமயத்துல மட்டும்தான் தடை பண்ணுது, மேட்சுக்கு முந்தின நாள் ராத்திரி 11:59ல இருந்து. அப்போ செவ்வாக்கிழமை எடுத்து அன்னிக்கே டெஸ்ட் நடந்தா வாடா கணக்குல அது குத்தம் இல்ல, வியாழக்கிழமை எடுத்தது சனிக்கிழமை மேட்ச் முடிஞ்சு சிறுநீர்ல தெரிஞ்சா குத்தம். கொகெய்ன் சுவடு ரெண்டு மூணு நாள் இருக்கும், போதை அன்னிக்கே இறங்கியிருக்கும். கஞ்சா தினமும் இழுக்கிறவனுக்கு வாரக்கணக்குல உடம்புல இருக்கும். வாடாவே இத உணர்ந்து 2013ல கஞ்சாவுக்கான அளவ ஒரு மில்லிக்கு 15 நானோகிராம்ல இருந்து 150க்கு ஏத்தினாங்க, லீவுல எப்பவோ இழுத்தவன் மாட்டக்கூடாதுன்னுதான். 2022ல கஞ்சாவ லிஸ்ட்ல இருந்தே எடுக்கலாமான்னு பரிசீலிச்சுட்டு லிஸ்ட்லயே வச்சிட்டாங்க, அது வேற சண்டை. நான் சொல்ல வர்றது, பசங்க இந்த கணக்க எல்லாம் நம்மள விட நல்லா தெரிஞ்சு வச்சிருக்கானுங்க. எது சீக்கிரம் உடம்ப விட்டு போகும்னு பார்த்துதான் எடுக்கிறானுங்க. கஞ்சா ரொம்ப நாள் நிக்கும்னு பயந்து கொகெய்ன் பக்கம் போனவன் கதைய நான் என் காதால கேட்டிருக்கேன். தண்டனைய எவ்ளோ ஏத்துறீங்களோ அவ்ளோ இந்த கணக்கும் கூர்மையாகும்.

பழைய கதைய கொஞ்சம் பார்ப்போம். 1994 நவம்பர்ல ஆர்சனல் பிளேயர் பால் மெர்சன் தானா முன்வந்து குடி, சூதாட்டம், கொகெய்ன் மூணும் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. இங்கிலாந்து ஃபுட்பால் சங்கமான எஃப்ஏ அவர வருஷக்கணக்கா தடை பண்ணல, சிகிச்சைக்கு அனுப்புச்சு, 1995 பிப்ரவரில திரும்ப ஆடினாரு. 1998 உலகக் கோப்பைல அர்ஜென்டினாவுக்கு எதிரான பெனால்டி ஷூட்அவுட்ல இங்கிலாந்துக்காக கோல் போட்டவங்கள்ல அவரும் ஒருத்தர். அதுக்கு அப்புறம் எல்லாம் சரியாயிடுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன், குடியோடயும் சூதாட்டத்தோடயும் வருஷக்கணக்கா போராடினத அவரே வெளிப்படையா பேசியிருக்காரு. சிகிச்சை மந்திரம் இல்ல. ஆனா அந்த மனுஷனுக்கு தொழில் இருந்துச்சு, டீம் இருந்துச்சு, திரும்பி வர ஒரு இடம் இருந்துச்சு.

பத்து வருஷம் கழிச்சு, 2004ல, செல்சீல ஏட்ரியன் முட்டு கொகெய்ன்ல மாட்டினப்போ கிளப் உடனே வேலைய விட்டு தூக்குச்சு, எஃப்ஏ 7 மாசம் தடை போட்டுச்சு. அதோட விடல, 1 கோடியே 71 லட்சம் யூரோவுக்கு மேல கிளப்புக்கு நஷ்டஈடு கட்டணும்னு உலக ஃபுட்பால் அமைப்பு ஃபிஃபா 2008ல சொல்லி, விளையாட்டு நடுவர் மன்றம், சுவிஸ் கோர்ட்னு போய் 2018ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரைக்கும் இழுத்துச்சு. சட்டப்படி கிளப் பக்கம்தான் தீர்ப்பு, ஒத்துக்கிறேன். ஆனா உங்க அறைல யாராவது "பாரு முட்டுவ, அப்படி பண்ணாத்தான் பயம் வரும்"னு சொன்னா, தடை முடிஞ்சு அவரு ஜுவென்டஸ், ஃபியோரென்டினான்னு பெரிய கிளப்லயே ஆடுனதையும் சேர்த்து சொல்லச் சொல்லுங்க. ஸ்டாருக்கு ஒரு கதவ மூடினா இன்னொருத்தன் வந்து திறப்பான். நம்ம லீக்ல இருக்கிற இருவது வயசு பையனுக்கு எவன் திறப்பான்? ஒரே விதி, ஆனா அடி வாங்குறது எப்பவும் கீழ இருக்கிறவன்தான்.

தண்டனை கூடினா பழக்கம் போகும்னு நம்புறவங்க இத்தாலி பக்கம் பார்க்கணும். சம்ப்டோரியா ஃபார்வர்ட் ஃபிரான்செஸ்கோ ஃப்ளாக்கி 2007ல கொகெய்ன்ல மாட்டி ரெண்டு வருஷம் வெளிய இருந்தாரு. திரும்பி வந்தாரு, மறுபடி மாட்டினாரு, இந்த தடவை 12 வருஷ தடை. 2022ல தடை முடிஞ்சு 46 வயசுல கீழ் டிவிஷன்ல ஒரு சின்ன கிளப்புக்கு ஆட வந்தாரு. ரெண்டு வருஷம் வெளிய வச்சதுல அவரு பழக்கம் போகலன்னா 12 வருஷம் வெளிய வச்சு யாருக்கு என்ன கிடைச்சுது? மரடோனாவ எடுத்துக்கோங்க. பார்சிலோனால இருந்தப்பவே ஆரம்பிச்சதா அவரே சொல்லியிருக்காரு, அது 80களோட தொடக்கம். நபோலிக்கு ரெண்டு லீக் பட்டம், அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை, அத்தன வருஷமும் அவர யாரும் உக்கார வச்சு பேசல. 1991 மார்ச்ல, ஆட்டம் இறங்க ஆரம்பிச்ச நேரத்துல, டெஸ்ட்ல மாட்டி 15 மாசம் தடை. ஜெயிக்கிற வரைக்கும் கண்ண மூடிக்கிறது, இறங்குனதும் ஒழுக்கம் பேசுறது, இது நம்ம லீக்லயும் நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். பேர் சொல்லல.

எனக்கு மனசுல நிக்கிறது ஜேக் லிவர்மோர் விஷயம். 2015ல ஹல் சிட்டில ஆடிட்டிருந்தப்போ கொகெய்ன் பாசிட்டிவ். விசாரிச்சப்போதான் தெரிஞ்சுது, முந்தின வருஷம் அவரோட குழந்தை பிறந்ததும் இறந்து போயிருக்கு, மனுஷன் அத யார்கிட்டயும் சரியா பேசாமலே ஆடிட்டு இருந்திருக்காரு. எஃப்ஏ சூழ்நிலைய பார்த்து தடையே போடல. 2017ல திரும்ப இங்கிலாந்து அணிக்கே ஆடினாரு. உங்க புது வரி அன்னிக்கு ஹல் சிட்டி ஒப்பந்தத்துல இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? யாரும் குழந்தைய பத்தி கேட்டிருக்கவே மாட்டாங்க. கேட்கிறதுக்கு உங்க வரில இடமே இல்லையே.

பாசிட்டிவ் வந்தா எடுத்தான்னுதான் அர்த்தம், அதுக்கு மேல என்ன விசாரணைன்னு கேட்கிறவங்களுக்கு பெரு கேப்டன் பாவ்லோ கெரேரோ. 2017 அக்டோபர்ல அர்ஜென்டினா மேட்சுக்கு அப்புறம் கொகெய்ன் சுவடு பாசிட்டிவ். குடிச்ச டீல கலந்திருந்துச்சுன்னு சொன்னாரு. முதல்ல ஒரு வருஷ தடை, அப்புறம் அத ஆறு மாசமா குறைச்சாங்க, அப்புறம் நடுவர் மன்றம் 14 மாசம்னு ஏத்துச்சு, ஆட்டத்துல பலன் அடைய எடுக்கலன்னு அதே மன்றமே ஒத்துக்கிட்டப்புறமும். 2018 உலகக் கோப்பைல அவரு ஆடணும்னு அதே குரூப்ல இருந்த பிரான்ஸ், டென்மார்க், ஆஸ்திரேலியா கேப்டன்கள் மூணு பேரும் ஃபிஃபாவுக்கு எழுதினாங்க. எதிர்த்து ஆடப்போறவங்க! சுவிஸ் கோர்ட் தடைய நிறுத்தி வச்சதால ஆடினாரு, ஆஸ்திரேலியாவுக்கு எதிரா கோலும் போட்டாரு. எதிரணிக்கே தெரிஞ்ச நியாயம் சொந்த கிளப்புக்கு தெரியக்கூடாதா.

இப்ப நான் உண்மையிலயே கோபப்படுற இடத்துக்கு வர்றேன்.

என் டேபிள்ல நான் அதிகம் கேட்டது கொகெய்ன் இல்ல. தூக்க மாத்திரை. ராத்திரி மேட்ச், ஆடுறதுக்கு முன்னாடி கஃபீன் கம், கஃபீன் ஷாட், அதுவும் கிளப்பே மேசைல வரிசையா வைக்கிறது. மேட்ச் முடிஞ்சு படுக்கப்போனா நெஞ்சு அடிச்சிக்கிட்டே இருக்கும், விடிய விடிய கண்ணு மூடாது, காலைல ரெக்கவரி செஷன். அப்போ ஒரு மாத்திரை. அத முதல்ல கொடுக்கிறது பெரும்பாலும் நம்ம ஆளுங்கதான். அப்புறம் ஒண்ணு ரெண்டாகும், மேட்ச் நாளுக்கு மட்டும்னு இருந்தது தினமும் ஆகும், சில பேர் அத போட்டுட்டு தூங்காம முழிச்சிருந்து அந்த மயக்கத்தையே ரசிக்க ஆரம்பிச்சிடுவான். இதுக்கு எந்த டெஸ்டும் இல்ல, எந்த அறிக்கையும் இல்ல. 2023ல இங்கிலாந்து பிளேயர் டெலி ஆலி ஒரு பேட்டில தூக்க மாத்திரைக்கு அடிமையாகி ரீஹேப் போனத சொன்னாரு, சின்ன வயசுல பட்டதையும் சொன்னாரு, உலகமே அழுதுச்சு, சரியாத்தான் அழுதுச்சு. லிவர்பூல் பழைய கோல்கீப்பர் கிறிஸ் கிர்க்லாண்ட் வலி மாத்திரை டிராமடாலுக்கு அடிமையானத பேசினாரு. அந்த டிராமடாலையே வாடா போட்டி நேரத்துல தடை பண்ணது 2024 ஜனவரிலதான். அதுவரைக்கும் வலிக்குதுன்னா போட்டுட்டு ஆடுன்னு இருந்த பொருள், ஒரு ஜனவரி 1ல குத்தமாயிடுச்சு. கிளப் கொடுத்த மாத்திரைல விழுந்தா நோயாளி, பார்ட்டில விழுந்தா கிரிமினல். ரெண்டு பேரும் என் டேபிள்ல ஒரே மாதிரிதான் நடுங்குறானுங்க.

குடிய பத்தி பேசவே வேணாம்னு நினைச்சேன், ஆனா முடியல. டோனி ஆடம்ஸ் ஆர்சனல் கேப்டன், 1990ல குடிச்சிட்டு கார ஓட்டி ஜெயிலுக்கே போனாரு. அடுத்தவன் உயிருக்கே ஆபத்தான காரியம் அது. வெளிய வந்தாரு, கிளப் ஏத்துக்கிச்சு, கேப்டனாவே கோப்பை தூக்கினாரு, குடிய விட்டாரு, 2000ல அடிமைப்பட்ட வீரர்களுக்காக ஸ்போர்ட்டிங் சான்ஸ்னு ஒரு சிகிச்சை அமைப்பையே ஆரம்பிச்சாரு. அன்னிக்கு அவர தூக்கி எறிஞ்சிருந்தா அந்த கிளினிக்கே இருந்திருக்காது. அதே இங்கிலாந்துல லீக் கோப்பைக்கே 2003ல இருந்து 2012 வரைக்கும் பீர் கம்பெனி பேரு, லிவர்பூல் நெஞ்சுல 1992ல இருந்து 2010 வரைக்கும் பீர் கம்பெனி பேரு. பீர் கம்பெனி காச வாங்கிட்டு போதை பத்தி பாடம் எடுக்கிறப்போ பசங்க உள்ளுக்குள்ள சிரிக்கிறானுங்கன்னு உங்களுக்கு தெரியணும்.

நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்கு தெரியும். குழந்தைங்க பார்க்கிறாங்க, முன்மாதிரியா இருக்கணும். சரி. ஆனா அந்த குழந்தை ரெண்டு விதமா பார்க்கலாம். தப்பு பண்ண அண்ணன தூக்கி போட்டுட்டாங்க, நான் பண்ணா மறைச்சிக்கணும்னும் பார்க்கலாம். தப்பு பண்ணாரு, டாக்டர்கிட்ட போனாரு, திரும்பி வந்தாருன்னும் பார்க்கலாம். எத காட்டணும்னு முடிவு பண்றது நீங்கதான். சட்டவிரோதம்னு சொல்வீங்க, அதுக்கு போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு, அவங்க வேலைய அவங்க பார்க்கட்டும், கிளப் ரெண்டாவது கோர்ட் ஆக வேணாம். கோடிக்கணக்குல சம்பளம் வாங்குறாங்களேன்னு சொல்வீங்க, நம்ம லீக் சம்பளப் பட்டியல் உங்க மேசைல இருக்கு, ஒரு தடவை புரட்டிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

தண்டனையே வேணாம்னும் நான் சொல்லல. போதைல மைதானத்துல இறங்குனவன் எதிராளியோட கால உடைக்கலாம், அவன அன்னிக்கே வெளிய எடுங்க, தடை போடுங்க. டிரஸ்ஸிங் ரூம்ல விக்கிறவன், அகாடமி சின்ன பசங்களுக்கு பழக்கி விடுறவன், அவனுக்காக நான் ஒரு வார்த்த பேச மாட்டேன், என் டேபிள்ல அவனுக்கு இடமும் இல்ல. போதைல வண்டி ஓட்டினவன், சிகிச்சைக்கு வரமாட்டேன்னு திரும்பத் திரும்ப ஏமாத்துறவன், அவங்களுக்கு படிப்படியா தண்டனை ஏறட்டும். தசைய ஏத்துற டெஸ்டோஸ்டீரோன், ரத்த சிவப்பணுவ கூட்டுற ஈபிஓ மாதிரி ஆட்டத்த திருடுற பொருளுக்கு எவ்ளோ கறாரா இருந்தாலும் எனக்கு சம்மதம். நான் கேட்கிறது மத்தவனுக்கு, தன்ன தவிர யாரையும் ஏமாத்தாதவனுக்கு.

என்ன மாதிரி ஆளுங்க நிலைமையையும் யோசிங்க. பிளேயர் விதிய மீறினத மறைக்க உதவினா சப்போர்ட் ஸ்டாஃபுக்கும் தடை வரும், வாடா விதி 2.9. ஒரு பையன் புதன்கிழமை என்கிட்ட வந்து நேத்து எடுத்துட்டேன்னு சொன்னா, சனிக்கிழமை மேட்ச்னா, நான் என்ன பண்ணணும்? கிளப்ல சொன்னா அவன் வேலை போச்சு. சொல்லாம இருந்தா நாளைக்கு மறைச்சதா என் மேல வரும். ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால்னு நிக்கிறோம். டாக்டர்கிட்ட சொல்லி "இந்த வாரம் இவனுக்கு உடம்பு சரியில்ல"ன்னு உக்கார வச்சு, திங்கக்கிழமை கவுன்சிலர்கிட்ட அனுப்ப ஒரு நேர்மையான வழி இருந்தா நான் அன்னிக்கே பண்ணுவேன். அந்த வழியத்தான் உங்க வரி அடைக்குது.

வேற இடத்துல எல்லாம் பண்ணிப் பார்த்திருக்காங்க. இங்கிலாந்து எஃப்ஏகிட்ட கொகெய்ன், கஞ்சா மாதிரி சோஷியல் டிரக்ஸுக்குன்னு தனி விதிகளே இருக்கு. ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக், அது வேற ஆட்டம்னாலும் தொழில் ஒண்ணுதான், 2005ல கொண்டு வந்த கொள்கைல முதல் தடவை மாட்டினவன் பேர் வெளிய வராம டாக்டர், கவுன்சிலிங் பக்கம் போகும்படி வச்சாங்க. அதுல ஓட்டை இருக்குன்னு 2024ல அந்த நாட்டு பார்லிமென்ட்லயே சண்டை நடந்துச்சு, ரகசியத்த கிளப்புங்க மேட்ச் ஜெயிக்க பயன்படுத்துறாங்கன்னு. நியாயமான கேள்விதான், அதனால ரகசியம் கிளப் கைல இருக்கக்கூடாது, வெளிய இருக்கிற டாக்டர் கைல இருக்கணும்னு நான் சொல்வேன். நியூகாசில் கிளப்போட இத்தாலி பிளேயர் சாண்ட்ரோ டோனாலி 2023ல சூதாட்ட விதிய மீறினப்போ இத்தாலில 18 மாசம் போட்டு அதுல 8 மாசத்த சிகிச்சையும் பசங்ககிட்ட பேசுறதுமா மாத்தினாங்க. நியூகாசில் அவர கைவிடல. சூதாட்டத்துக்கு முடியுதுன்னா இதுக்கு ஏன் முடியாது?

கேட்கிறது இதுதான்.

அந்த வரிய ஒப்பந்தத்துல இருந்து எடுங்க. முதல் பாசிட்டிவ்ல எந்த கிளப்பும் ஒப்பந்தத்த ரத்து பண்ணக்கூடாதுன்னு லீக் விதிலயே எழுதுங்க, ஏன்னா ஒரு கிளப் நல்லவங்களா இருந்தா போதாது, அடுத்த கிளப் அதையே பேரம் பேச பயன்படுத்தும். தடை வாடா சொல்றது மட்டும்தான், அதுக்கு மேல கிளப் தன் பங்குக்கு ஒண்ணு போடக்கூடாது. தடை காலத்துல சம்பளத்த குறைச்சாலும் பரவால்ல, வீட்டையும் காயத்துக்கான சிகிச்சையையும் நிறுத்தக்கூடாது.

சிகிச்சை செலவ கிளப்பும் லீக்கும் பாதி பாதி ஏத்துக்கணும். ரிசல்ட் வந்த அன்னிக்கே, 1 மாசமா குறைக்கிற விதி இருக்குன்னு எழுத்துல, அவனுக்கு புரியிற மொழில, பிளேயர்கிட்ட கொடுக்கணும். இது ஒரு பக்கம் பேப்பர், இதுக்கு பட்ஜெட் வேண்டாம்.

டெஸ்டுக்கு பேர் வர்றதுக்கு முன்னாடி தானா வந்து சொல்றவனுக்கு எந்த தண்டனையும் கிடையாதுன்னு அறிவிங்க. அவன் வந்து சொல்ல வேண்டிய இடம் கிளப் சம்பளத்துல இல்லாத ஒரு டாக்டரா இருக்கணும். எங்கள மாதிரி ஃபிசியோ, கிட் மேன், மசாஜ் பண்றவங்க, அவர்கிட்ட அனுப்பி வச்சா அது மறைச்சது ஆகாதுன்னு தெளிவா எழுதிக் கொடுங்க.

விதிப்படி லீக் வெளியிட வேண்டியது எதுவோ அத லீக் வெளியிடட்டும். அதுக்கு முன்னாடி முந்திரிக்கொட்டை மாதிரி கிளப் போட்டோ போட்டு அறிக்கை விடுறத நிறுத்துங்க.

கிளப் மருத்துவ அறைல இருந்து எந்த பிளேயருக்கு எத்தன தூக்க மாத்திரை, எத்தன வலி மாத்திரை போகுதுன்னு கணக்கு வச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை வெளி டாக்டர் ஒருத்தர் பார்க்கணும். பிளேயர டெஸ்ட் பண்ற நீங்க உங்க அலமாரியையும் டெஸ்ட் பண்ணுங்க.

சிகிச்சைல இருக்கிற பிளேயர் தடை காலத்துலயும் டீமோட பயிற்சி எடுக்கலாம்னு இந்த நாலு பொருளுக்கு மட்டுமாவது விதிய மாத்தணும்னு லீக் சார்பா தேசிய சங்கம் வழியா ஃபிஃபாவுக்கும் வாடாவுக்கும் எழுதுங்க. ஒரு லீக் எழுதினா மாறாது, தெரியும். எழுதுங்க.

புது ஒப்பந்தம் கையெழுத்துக்கு போறதுக்கு முன்னாடி பிளேயர் பிரதிநிதி ரெண்டு பேர், ஒரு டாக்டர், ஒரு ஃபிசியோ, நாலு பேரையும் உக்கார வச்சு ஒரு கூட்டம் போடுங்க, அதுல எடுத்த முடிவ எழுத்துல கொடுங்க. ஃபிசியோ கிடைக்கலன்னா நான் வர்றேன். அதோட அந்த விங்கர் விஷயத்த திரும்ப எடுத்து விசாரிங்க, அவன் சிகிச்சைக்கும் பாதில நின்ன ரீஹேபுக்கும் ஆகுற செலவ அவனுக்கு கொடுங்க. அவன் நம்பர் என்கிட்ட இருக்கு, அவன் சம்மதிச்சா நானே தர்றேன்.

இப்படிக்கு,
உங்க லீக்ல வேலை பார்க்கிற ஒரு ஃபிசியோ